இட்லிப் பானையின் வயசு

எங்கள் வீட்டில் எல்லாச் சாமானுக்கும் வயசு இரண்டு என்று போன புரட்டாசியில் நான் ஒரு தீர்மானம் போட்டேன். ஃபிரிட்ஜுக்கு இரண்டு. கிரைண்டருக்கு இரண்டு. கல்யாணத்தில் வந்த இட்லிப் பானைக்கும் இரண்டே இரண்டு. மார்க்கண்டேயனுக்கே என்றும் பதினாறுதான். நான் அதைவிடத் தாராளம்.

காரணம் இருக்கிறது. சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

செப்டம்பர் பதினாலு, ஞாயிற்றுக்கிழமை. கல்கத்தா டாக்குரியாவில் எங்கள் ஃபிளாட். என் சகதர்மிணி விசாலம் துணி காயப்போட மொட்டை மாடிக்குக் கிளம்பும்போது, "எண்ணெய் காயுது, பாத்துக்குங்க" என்றாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், டி.வி.யை. ஃபுட்பால் மேட்ச். கோல் விழுகிற நேரத்தில் எவனாவது எண்ணெயைப் பார்ப்பானா? குப்பென்று பற்றிக்கொண்டது. புத்திசாலித்தனமாக ஒரு சொம்புத் தண்ணீரை அதில் ஊற்றினேன். தீ கூரைக்கே போயிற்று. மகள் சுபிக்ஷா மாடிப்படியில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கி வந்து அணைத்தாள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சமையலறைதான் கரிக்கட்டை.

வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. வருஷா வருஷம் விசாலம்தான் புதுப்பிப்பாள். "அதெல்லாம் நீயே பாத்துக்கோ" என்று நான் எப்போதோ பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்த இலாகா.

ஆனால் பணம் வாங்குவது வேறு. அதற்குக் கணக்கு தெரிந்த ஆள் வேண்டும். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் போய் சௌந்தரராஜன் யார் என்று கேளுங்கள். பழைய சாமானுக்கு வயசு பார்த்துக் கழித்துக்கட்டுவதுதான் இருபத்தெட்டு வருஷமாக என் உத்தியோகம். பேப்பரை எடுத்தேன்.

எரிந்ததையெல்லாம் புதிதாக வாங்க இரண்டு லட்சத்து எண்பதாயிரம். வருஷத்துக்குப் பத்து சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். எங்கள் சாமான் முக்கால்வாசி பத்து வயசைத் தாண்டியவை, அதற்கெல்லாம் பூஜ்யம். மொத்தமாக முப்பத்தாறாயிரம் தேறியது. வயிறு எரிந்தது. ஒரே வாரத்தில் இரண்டாவது தீ விபத்து.

அதுவே எல்லாம் இரண்டு வருஷத்துச் சாமான் என்றால்? இருபது சதவீதம்தான் கழியும். கைக்கு இரண்டு லட்சத்து இருபத்துநாலாயிரம்! ஒரு லட்சத்து முப்பதில் சமையலறையை ஒப்பேற்றிவிடலாம். மீதி தொண்ணூற்றுநாலில் அறுபத்தைந்து அங்குல டி.வி. இப்போது இருக்கிற டி.வி.யில் பந்து எது, ஆட்டக்காரன் தலை எது என்றே தெரியவில்லை.

"ஏங்க, என்ன எழுதறீங்க?"

"கிளெயிம் லிஸ்ட்."

"இட்லிப் பானை வாங்கினது 2023-ன்னு போட்டிருக்கு?"

"ஆமா."

"அது எங்க மாமா கல்யாணத்துக்குக் குடுத்ததுங்க."

"உங்க மாமாவே 2023-லதான் பொறந்தார்னு எழுதிடறேன். நீ சும்மா இரு."

"பொய் எழுதினா ஒத்தப் பைசா வராது. சொல்லிட்டேன்."

"ஏன், பானை வந்து சாட்சி சொல்லுமா?"

விசாலம் அணைந்து கிடந்த டி.வி.யைப் பார்த்தாள். "சரி, எழுதுங்க" என்று போய்விட்டாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டதே இல்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மூன்று நாள் உட்கார்ந்து கரண்டி வரைக்கும் எழுதினேன். நாலாம் நாள் இன்ஷூரன்ஸ் கம்பெனி சர்வேயர் சைதன்யா பாபு வந்தார். ஒல்லி ஆசாமி, கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். என் லிஸ்டைப் படித்துவிட்டு இந்தியில் கேட்டார். வங்காளிகளுக்கு நாம் எல்லோரும் தாதா, நம் சம்சாரம் பௌதி; அண்ணன், அண்ணி என்று அர்த்தம்.

"எல்லாமே புதுசா, தாதா?"

"ரெண்டே வருஷம்."

"இந்தப் பானை?"

"பச்சைக் குழந்தை."

அவர் இட்லிப் பானையைத் தூக்கினார். கவிழ்த்தார். கரியைத் துடைத்தார். "என்னமோ எழுதியிருக்கே?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கல்யாணப் பாத்திரம் ஆயிற்றே! பேரும் தேதியும் வெட்டாமல் நம்மவர்கள் ஒரு டம்ளராவது கொடுத்ததுண்டா? தமிழ் அவருக்குத் தெரியாது, சரி. நம்பர் தெரியுமே! 27-5-1999.

"இது என்ன தேதி?"

"அது... என் சம்சாரம் பொறந்த தேதி."

சைதன்யா பாபு விசாலத்தைப் பார்த்தார். விசாலம் வெட்கப்பட்டாள். பிறகு லாப்டாப்போடு நின்ற சுபிக்ஷாவைப் பார்த்தார்.

"இது யாரு?"

"என் பொண்ணு."

"வயசு?"

"இருபத்துநாலு" என்றாள் அந்த அரிச்சந்திரனின் பேத்தி.

அவர் விரல் விட்டு எண்ணினார். "பௌதிக்கு இருபத்தாறு. பொண்ணுக்கு இருபத்துநாலு." கண்ணாடியை நன்றாகத் துடைத்து மாட்டிக்கொண்டார். "இதைக் கொஞ்சம் படிம்மா."

சுபிக்ஷாவுக்கு வங்காளம் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். அதுவும் வராமலே இருந்திருக்கலாம். "சௌ... பாக்... கிய... வதி... வி... சா... லம்... தி... ரு... ம... ணம்... அன்... ப... ளிப்பு... மா... மா." முடித்ததும், யாரும் கேட்காமலே வங்காளத்தில் மொழிபெயர்த்தும் சொன்னாள்.

"பரவால்லங்க. என் வயசைக் கொறைச்சுச் சொன்னீங்களே, அதுவே போதும்" என்றாள் விசாலம்.

"தாதா, பொய் லிஸ்ட் குடுத்தா மொத்த கிளெயிமும் தள்ளுபடி" என்றார் சைதன்யா பாபு.

டி.வி. போகட்டும், ஒரு அடுப்பாவது வேண்டாமா? கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. "விசாலம், ஏதாவது சொல்லேன்!"

அவள் நிதானமாக ஒரு ஃபைலைக் கொண்டுவந்தாள். "பாலிசி என் பேர்ல இருக்கு, பாபு. நான் கையெழுத்துப் போட்ட லிஸ்ட் உங்க ஆபீசுக்கு மூணு நாள் முன்னாடியே போயாச்சு. ஒவ்வொரு பாத்திரத்தையும் கவுத்துப் போட்டு ஃபோட்டோ எடுத்து, நெஜத் தேதியோட. இவர் எழுதினது சும்மா, பொழுதுபோக்கு."

சைதன்யா பாபு சிரித்தார். என் லிஸ்டை நாலாக மடித்து என்னிடமே கொடுத்தார். "வயசு எதுக்கு தாதா? பௌதி வருஷா வருஷம் தொள்ளாயிரம் ரூபாய் கூடுதலாக் கட்டியிருக்காங்க. பழசுக்குப் புதுசு. தேய்மானமே கிடையாது."

நான் துள்ளிவிட்டேன். "அப்போ ரெண்டு லட்சத்து எண்பதும் முழுசா கைக்கு வருமா?"

"கைக்கு வராது. எரிஞ்சதுக்குப் பதிலா அதே சாமான் வாங்கணும். பில்லுக்குத்தான் பணம்."

"டி.வி. பில்?"

"டி.வி. எரிஞ்சுதா?"

எரியவில்லை. பாழாய்ப் போனது, ஹாலில் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.

அவர் போனதும் விசாலத்தைப் பிடித்துக்கொண்டேன். "முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? மூணு நாள் எழுதினேனே!"

"மூணு நாளா நீங்க டி.வி. போடல. வீடு எவ்ளோ அமைதியா இருந்துது தெரியுமா?"

தை பிறந்தது. சமையலறையும் புதிதாகப் பிறந்தது. பில்லுக்குப் பில் பணம் வந்து, ஒரு பைசா என் பக்கம் ஒதுங்கவில்லை. காளிகாட் பாத்திரக் கடையில் புது இட்லிப் பானை வாங்கினபோது நான் உஷாராகச் சொன்னேன்: "இந்தத் தடவை பேர் கீர் வெட்டாதே!"

"என் பேரை வெட்டலங்க. போதுமா?" என்றாள்.

சொன்ன சொல் தவறாதவள். முந்தாநாள் பானையைக் கழுவும்போது கவிழ்த்துப் பார்த்தேன். விசாலம் எழுதிக்கொடுத்ததைக் கடைக்கார வங்காளி ஒரு புள்ளி விடாமல் பார்த்து வெட்டியிருந்தான்:

"தீ உபயம்: சௌந்தரராஜன். 14-9-2025."