முன்கூட்டியே கட்டிய படிப்பும் மூன்று நிமிடப் பேச்சும்

மரியாதைக்குரிய மூத்த மச்சான் ஹார்மன் அவர்களுக்கு,

தங்கை வெர்னாவின் கணவன் ஓர்வல் பணிவோடு எழுதுவது. இங்கே வெர்னா, மகள் டெல்ஃபின், நான் மூவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மனசுக்குத்தான், அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அங்கே உங்கள் முழங்கால் வலியும் ஜோலின் அக்காவின் சர்க்கரையும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். அடங்காவிட்டாலும் பரவாயில்லை, இதை முழுசாகப் படித்துவிட்டு மாத்திரை போடுங்கள்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சமையலறை மேஜையில் வெர்னா செய்த பீக்கன் கொட்டை கேக்கில் மூன்றாவது துண்டை வாயில் வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "மாப்ளே, இது அரசாங்கம் நடத்துற திட்டம். இன்னைக்கு விலைக்கு நாளைக்குப் படிப்பு. காலேஜ்காரன் எவ்வளவு ஏத்தினாலும் அது மாநிலத்தோட தலைவலி. கண்ண மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடு!" என்றீர்கள். அப்படியே கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டேன். அப்போது டெல்ஃபினுக்குப் பல்லே முளைக்கவில்லை. மாசாமாசம் ஏழு வருஷம் கட்டினேன். மூன்றாவது வருஷம் பஸ் பட்டறையில் ஓவர்டைமை நிறுத்தியபோது என் மீன்பிடிப் படகை விற்றுக் கட்டினேன். அந்தப் படகை வாங்கினவர் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என் வீட்டு வழியாகத்தான் அதை இழுத்துக்கொண்டு போகிறார், போகிறபோது ஹாரன் வேறு அடிக்கிறார். போகட்டும், பெண் படிக்கப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நானும் கை ஆட்டுவேன்.

போன மாசம் டெல்ஃபினுக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நர்சிங் இடம் கிடைத்தது. வெர்னா அழுதாள், நான் கராஜுக்குப் போய் அழுதேன். மே முதல் தேதிக்குள் இடத்தை உறுதி செய்யவேண்டும். அடுத்த வாரமே, திட்டத்தை நடத்துகிற கருவூல அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். "அன்புள்ள பயனாளியே" என்று ஆரம்பித்து, சந்தைச் சூழல் அது இது என்று நாலு பக்கம் அளந்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் நாலு வருஷப் படிப்பில் ஒன்றரை வருஷத்துக்குத்தான் தரமுடியும் என்று போட்டிருந்தார்கள். ஒன்றரை வருஷத்து நர்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது மச்சான்? ஊசியைக் குத்தத் தெரியும், வெளியே எடுக்கத் தெரியாது என்று கழுத்தில் அட்டை கட்டி அனுப்புவதா?

போன் போட்டேன். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்கவைத்து ஒரு அம்மா வந்தார். "சார், பங்குச்சந்தை விழுந்துடுச்சு, நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார். "என் பணத்த அங்க கொண்டுபோய் வெச்சது யாரும்மா?" என்றேன். அது நிர்வாகக் குழுவாம். குழுவைக் கேட்டால் சட்டசபையாம், சட்டசபையைக் கேட்டால் முதலீட்டு அதிகாரியாம். அந்த அதிகாரி ஓய்வுபெற்றுக் கடற்கரை ஓரமாக வீடு கட்டிக்கொண்டு போய்விட்டாராம். "அவருக்காவது பென்ஷன் ஒழுங்கா வருதாம்மா?" என்று கேட்டேன். "அதுக்கு மாநிலம் உத்தரவாதம் சார்" என்றார். மனசாட்சி உள்ள அம்மா, சொன்னபிறகு தானே தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது.

விடுவேனா? சட்டசபைக் குழு பொது விசாரணை வைக்கிறது என்று பேப்பரில் பார்த்து, லீவு போட்டு, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டி, இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டித் தலைநகரம் போனேன். வாசலில் என் பேனாக்கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்கள். உள்ளே ஒரு அட்டை கொடுத்து, மசோதாவை ஆதரிக்கிறீர்களா எதிர்க்கிறீர்களா, டிக் போடுங்கள் என்றார்கள். மசோதாவின் பெயர் 'பெற்றோர் நம்பிக்கைப் பாதுகாப்புச் சட்டம்'. பெற்றோர், நம்பிக்கை, பாதுகாப்பு மூன்றையும் எதிர்க்க நான் என்ன கிறுக்கனா? ஆதரவில் ஒரு டிக் போட்டேன், பேனா அட்டையைக் கிழித்துக்கொண்டு போகிற மாதிரி அழுத்தி.

காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவனை நாலு மணிக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் மாநிலத்தின் அதிகாரபூர்வ கேக் எது என்று ஒன்றே கால் மணி நேரம் விவாதம். எனக்கு மூன்று நிமிஷம். பச்சை விளக்கு எரிந்தது. நம் ஊர்ப் பக்கத்து வளர்ப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாததா? எடுத்த எடுப்பில் ஒருத்தரைத் திட்ட வாய் வருமா? தலைவருக்கு நன்றி சொன்னேன், எங்கள் தொகுதிக்காரருக்கு நன்றி சொன்னேன், அவர் அம்மாவின் இடுப்பு ஆபரேஷனை விசாரித்தேன், எங்கள் பாஸ்டரின் வாழ்த்தைச் சொன்னேன், கருவூலத் தலைவர் பிராக்ஸ்டன் ஹெய்ல் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார், நேரம் ஒதுக்கி வந்ததற்கு அவருக்கும் நன்றி சொன்னேன். மஞ்சள் எரிந்தது. "இப்ப விஷயத்துக்கு வர்றேன்" என்றேன். சிவப்பு எரிந்தது, மைக்கை அணைத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் மச்சான் நான் பேசினேன்! "என் பொண்ணு படிப்பக் கொண்டுபோய்ச் சூதாடிட்டு அவளுக்கே லெட்டர் போடுறீங்களே, வெக்கமா இல்ல? பதில் சொல்லுய்யா ஹெய்லு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காவலர் என் முழங்கையைப் பிடித்து, "ரொம்ப நல்லாப் பேசினீங்க சார், வெளிய பேசலாம் வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார்.

வராந்தாவில், என்னை மாதிரியே பணம் கட்டி ஏமாந்த ஒரு அம்மா என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். "ஏன்யா, உள்ள என்ன இருக்குன்னு படிச்சுப் பாத்தியா? அந்த ஒன்றரை வருஷத்தச் சட்டமாக்குறதுதான் அந்த மசோதா. இனிமே கேஸ் கூடப் போட முடியாது. நீ போய் ஆதரிச்சுட்டு வர்றியே, நல்லா இருப்பியா?" என்றார். மசோதா அடுத்த வாரமே நிறைவேறியது. பேப்பரில் 'பெற்றோர் ஆதரவு' என்று தலைப்புப் போட்டு, கீழே என் படம். சட்டசபைக் குறிப்பேட்டில் என் நன்றிகள் மட்டும் ஒன்று விடாமல் பதிவாகியிருக்கின்றன.

டெல்ஃபின் படத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. "விடுங்கப்பா, ஒரு வருஷம் கோழி ஃபாக்டரில வேலை பாக்குறேன், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். அந்த ஃபாக்டரிக்குள் ஒரு வருஷத்துக்கென்று போனவர்களை எனக்குத் தெரியும். இருபது வருஷமாகக் கோழி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். வயிறு எரிகிறது மச்சான், பற்றி எரிகிறது.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அந்த ஹெய்ல் பதவியை விட்டு இறங்கி, நிர்வாகக் குழுவில் இருந்த ஒவ்வொருத்தனும் சத்தியம் செய்து பதில் சொல்லுகிறவரை ஓயமாட்டேன். மனு ஒன்று தயார் செய்திருக்கிறேன், அதில் உங்கள் கையெழுத்தும் வேண்டும். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு போடுங்கள். என்னை யாரும் விலைக்கு வாங்க முடியாது. ஆண்டவர் உங்களையும் அக்காவையும் நோய்நொடியிலிருந்தும், முக்கியமாக அரசாங்கத் திட்டங்களிலிருந்தும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்ட மாப்பிள்ளை,
ஓர்வல்

பி.கு.: தபால்தலை ஒட்டுவதற்குள் ஹெய்லே போன் செய்துவிட்டார். பெற்றோர் கண்காணிப்புக் குழு என்று ஒன்று போடுகிறார்களாம். "உங்கள மாதிரி மரியாதை தெரிஞ்ச ஆளுதான் சார் எங்களுக்கு வேணும்" என்றார். குழு உறுப்பினருக்குத் திட்டம் தரவேண்டிய பாக்கி இருந்தால் அது விதிப்படி முறைகேடாம். அதனால் உறுப்பினர்களின் பாக்கியை முதலில் முழுசாகத் தீர்த்துவிடுவார்களாம். "நாலு வருஷமுமா?" என்றேன். "நாலு வருஷமும் சார். நாளைக்கே காலேஜுக்குப் போயிடும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி சார் என்றுதான் வந்தது. குழுவின் முதல் வேலை, மற்ற பெற்றோருக்கு ஒன்றரை வருஷம்தான் என்று கடிதம் அனுப்புவது, கீழே உறுப்பினர் கையெழுத்தோடு. உங்கள் பேரன் ரைலன் பேரில் நீங்களும் இதே திட்டத்தில் ஒன்று வாங்கி வைத்திருந்தீர்கள் என்பது, அவர்கள் அனுப்பிய கடிதக் கட்டைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன் மச்சான். மனுவைக் கிழித்துவிடுங்கள். என்னைத் திட்டவேண்டுமென்றால் பட்டறைக்குப் போன் போடுங்கள், வீட்டுக்கு வேண்டாம். வீட்டில் டெல்ஃபின்தான் எடுப்பாள். அப்பா அந்த ஆட்களோடு சண்டை போட்டு வாங்கினார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.