உப்பு வைக்கல் மெத்தை

மனையியல் படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு பொதுவான நோய் இருக்கிறது. தங்களுக்குத் தெரியாத வீட்டுச் சாமான் உலகத்தில் இல்லை என்று நினைப்பார்கள். எனக்கு அது கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. அக்கராயனில் யார் வீட்டுக் குசினிக்குள் போனாலும், ஜன்னல் எந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டும் என்று சொல்லாமல் வெளியே வரமாட்டேன். (யாரும் கேட்பதில்லை. கேட்காமலே சொல்வதுதான் சேவை.)

அப்போது என் தங்கை வதனி தலைப்பிள்ளைப் பேறுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தொய்வு. தூசி பட்டால் மூச்சு இழுக்கும். பாயில் படுத்தால் இப்போது இடுப்பு நோவும் சேர்ந்துகொண்டது. இதைக் கேள்விப்பட்ட அவளுடைய மாமியார், ஸ்கந்தபுரத்திலிருந்து சொல்லி அனுப்பினார்: "பிள்ளைக்கு ஒழுங்கான படுக்கை இல்லையெண்டால் நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

வதனிக்கு அம்மாவை விட்டுப் போக மனமில்லை. "அக்கா, என்னை அனுப்பிப்போடாதை" என்று என் கையைப் பிடித்தாள். வீட்டில் எல்லோரோடும் சண்டை பிடிக்கிறவள் அப்படிக் கெஞ்சியது எனக்கு நெஞ்சில் தைத்தது.

"ஒரு மெத்தைதானே. நான் பாக்கிறன்" என்றேன்.

யுத்தத் தடையால் வவுனியாவுக்கு அங்கால் இருந்து சாமான் வருவதே அரிதான காலம் அது. கிளிநொச்சிக் கடையில் ஒரேயொரு ஸ்பொஞ்ச் மெத்தை கிடந்தது. விலையைக் கேட்டால் இருக்கிற தொய்வும் கூடும். மணந்து பார்த்தேன். பெயின்ற் வாளிக்குள் தலையை விட்டது போல ஒரு நெடி.

"ரெண்டு கிழமையிலை மணம் போயிடும் தங்கச்சி" என்றார் கடைக்காரர்.

"அதுவரைக்கும் அவள் மூச்சு விடாமல் இருக்கிறதோ?" என்று கேட்டேன். அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

இலவம் பஞ்சு மலிவுதான், ஆனால் தூசி. தேங்காய்த் தும்பு மெத்தை குத்தும் என்று தொட்டும் பாராமல் தள்ளிவிட்டேன். வீட்டுக்கு வந்து பின் வளவைப் பார்த்தபோதுதான் மூளை வேலை செய்தது. அறுவடை முடிந்து வைக்கல் போர் நின்றது. நெடி இல்லை, சாயம் இல்லை, செலவும் இல்லை. தூசியைக் கழுவினால் போயிற்று.

"பூச்சி பிடிக்கும். வயலுக்கு அடிக்கிற பவுடரைக் கொஞ்சம் தூவினால்…" என்று அம்மா இழுத்தார்.

"மாசமாய் இருக்கிறவள் படுக்கிற மெத்தைக்கு நஞ்சோ அம்மா?" என்றேன். வகுப்பில்கூட நான் அவ்வளவு கம்பீரமாகக் கதைத்ததில்லை.

பூச்சிக்கு நான் கண்டுபிடித்த மருந்து உப்பு. வைக்கலை அலசி, உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, உதறிக் காயவிட்டேன். மாச் சாக்குத் துணியை அவித்து வெளுத்து உறை தைத்தேன். வைக்கலை மாற்ற வசதியாக ஒரு பக்கத்தைத் திறந்து விட்டு, நாடாவால் கட்டினேன். வதனி படுத்துப் பார்த்தாள். இழுப்பு வரவில்லை. "நல்லாய்க் கிடக்கு அக்கா" என்றவள் அப்படியே நித்திரையாகிவிட்டாள். அன்றைக்கு இருந்த பெருமைக்கு என் தலை வாசல் நிலையில் இடிக்காதது அதிசயம்.

ஒரு சின்னக் குறை, உப்பு ஈரத்தை இழுத்தது. அதனால் காலையில் மெத்தையை முற்றத்து வெயிலில் போடுவேன். அப்படிப் போட்டிருந்த ஒரு காலையில்தான் மாமியார் வந்து இறங்கினார். பெற்றோல் இல்லாததால் மாட்டு வண்டிலில், வதனியைப் படுக்கவைத்துக் கொண்டுபோகப் பாயும் தலையணையும் விரித்தபடி வந்திருந்தார். வதனியின் புருசன் சிவம் மாடுகளை அவிழ்த்து முற்றத்து வேம்பில் கட்டினார்.

"மெத்தை செய்தனீங்களாம். காட்டுங்கோ பிள்ளை" என்றார் மாமியார்.

காட்டியிருக்கலாம். "முதல் இருங்கோ மாமி, விளங்கப்படுத்திறன்" என்று உள்ளே கதிரையைப் போட்டேன். ஸ்பொஞ்சின் நெடியில் தொடங்கினேன். பஞ்சின் தூசிக்கு வந்தேன். சிவம் வாசலில் தலையை நீட்டினார்.

"அம்மா, மாடு…"

"கொஞ்சம் பொறுங்கோ சிவம், முடிக்கிறன்."

உப்பின் குணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சிவம் திரும்பவும் வந்தார். "மச்சாள், மெத்தை…"

"ஓம், அதைப் பற்றித்தானே சொல்லுறன்" என்றேன்.

நாங்கள் வெளியே வந்தபோது ஒரு மாடு நாடாவை அவிழ்த்து, கொம்புவரை தலையை உறைக்குள் விட்டிருந்தது. மற்றது வெளியே இழுபட்ட வைக்கலைக் கண்ணை மூடி அசைபோட்டது. உப்புத் தெளித்த வைக்கல் என்றால் மாட்டுக்குக் கலியாணச் சாப்பாடு என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். மனையியலில் மாடு இல்லை.

வதனியின் கண் கலங்கிவிட்டது. எனக்கு அந்த வேம்புக்குப் பின்னால் ஒளிய வேண்டும் போல் இருந்தது. ஆனால் வாய் என் சொல் கேட்கவில்லை.

"பாத்தியளோ மாமி, மாடே நம்பித் தின்னுது. இதைவிடப் பாதுகாப்பான மெத்தை எங்கையாவது கிடக்குதோ?"

மாமியார் என்னைப் பார்த்தார். உறையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற தன் மாட்டைப் பார்த்தார். பிறகு படியில் குந்தி, கண்ணீர் வரச் சிரித்தார்.

"என்ரை மாடு திண்டதுக்கு நான்தானே பதில் சொல்லோணும்" என்று கடைசியில் எழும்பினார். "சிவம், வீட்டை போய் என்ரை மெத்தையைக் கொண்டா. பிள்ளை தாயோடை இருக்கட்டும்."

வந்தது தும்பு மெத்தை. குத்தவில்லை, மணக்கவில்லை, தூசியும் இல்லை. வதனி அதில் படுத்தே மகளைப் பெற்றெடுத்தாள். தங்கை எங்களோடு இருந்த சந்தோசத்தில் தும்பை மன்னித்துவிட்டேன்.

மாடுகள்தான் என்னை மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து வெறும் வைக்கலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பின. சிவம் தினமும் உப்புத் தெளிக்க வேண்டி வந்தது. "மாட்டுக்கு மெத்தை போட்டாச்சோ?" என்பது அந்த வீட்டுப் பேச்சானது. சண்டையில் எல்லோரும் இடம்பெயர்ந்து மல்லாவிக்குப் போனபோதும் மாட்டோடு அந்தச் சொல்லும் போனது.

அங்கே என் பள்ளிக்கூடத்தில்தான் வதனியின் மகளும் படித்தாள். ஒருநாள் அவளுடைய வகுப்பு ரீச்சர் ஒரு கட்டுரையோடு என்னிடம் வந்தார். தலைப்பு 'மாடு'. முதல் வரி: மாடு மெத்தை தின்னும்.

"உங்கடை பெறாமகள் ரீச்சர். இதுக்கு என்ன போடுறது?"

"சரி போடுங்கோ" என்றேன். "நான் கண்ணாலை கண்டனான்."