டிரங்க் காலும் என் மூக்குப்பொடி டப்பாவும்

செங்கல்பட்டு,
ஆகஸ்டு 1958

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் ஏசுதாஸ் அவர்களுக்கு, தங்கள் தங்கை செல்லம்மாளின் புருஷனும், ஜங்ஷன் பார்சல் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவனுமாகிய ஆபிரகாம் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே காஞ்சிபுரத்தில் தாங்களும், அக்காளும், பிள்ளைகளும், தாங்கள் குமாஸ்தாவாக இருக்கும் வக்கீல் ஐயாவும், அவருடைய கட்சிக்காரர்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

தங்களிடம் எனக்கு ஆகவேண்டிய காரியம் இரண்டு. ஒன்று, தாங்கள் கொண்டுவந்த சம்பந்தம், அதாவது சதுரங்கப்பட்டினம் உபதேசியாரின் மகன், மகாபலிபுரம் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கும் பையன், அதற்கு எங்களுக்குப் பூரண சம்மதம் என்று தாங்களே நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். மற்றொன்று ஒரு சட்ட சந்தேகம். பெற்ற மகளின் காதில் விழுந்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தகப்பனுக்கு உரிமை உண்டா, இல்லையா? நாட்டுக்குப் புதிதாக அரசியல் சட்டம் போட்டு, பேச உரிமை, கூட்டம் கூட உரிமை, போக வர உரிமை என்று வரிசையாக எழுதியிருக்கிறார்களாமே, இதற்கு ஒரு வரி இல்லாமலா போயிருக்கும்? வக்கீல் ஐயா காபி குடித்துச் சும்மா இருக்கிற வேளை பார்த்துக் கேட்டு எழுதவும்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மகள் வசந்தா இங்கே தபாலாபீசுக்குப் பின்னால் இருக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருக்கிறாள் என்பது தாங்கள் அறிந்ததே. காதில் ஒரு கருப்பு வளையத்தை மாட்டிக்கொண்டு, பலகை முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கும் இடத்தில் கம்பியைச் செருகுவதும் பிடுங்குவதும்தான் உத்தியோகம். இவர் பேசுவது அவருக்கு எட்டவில்லையென்றால், நடுவில் இருக்கும் ஆபரேட்டரே இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் திருப்பிச் சொல்லவேண்டுமாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே சொன்னாள். இதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள்! நான் காலமெல்லாம் அடுத்தவன் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டே சம்பளம் வாங்கினவன். வாழைத்தாரா, கருவாடா, கல்யாணப் பாத்திரமா என்று மூட்டையை ஒரு தட்டுத் தட்டியே சொல்லிவிடுவேன். என் பெண் அதே மாதிரி ஊரார் பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாளே, இனி ராத்திரிச் சாப்பாட்டின்போது பொழுது நன்றாகப் போகும் என்று நினைத்தேன். முதல் நாளே "இன்னாம்மா, இன்னிக்கு யார் யார் பேசினாங்க?" என்று ஆசையாகக் கேட்டேன். "அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது நைனா, சட்டம் கீது, கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்" என்று சொல்லி ரசத்தை ஊற்றிக்கொண்டாள். இது என்ன சட்டம் மச்சான்? என்னைக் கேட்கச் சொல்லிச் சம்பளம் கொடுத்த அதே சர்க்கார், என் மகளைச் சொல்லாதே என்று சம்பளம் கொடுக்கிறது. சரி, ஊரார் கதைதானே, போகட்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

போன வியாழக்கிழமை ஊரார் கதை நம் வீட்டுக் கதையாகிவிட்டது. எதிர் வரிசையில் நெல் மில் வைத்திருக்கும் வேதகிரி முதலியாருக்கும் எனக்கும் இருக்கும் விவகாரம் தங்களுக்குத் தெரியும். அவருடைய மில்லில் பறக்கிற தவிடு பூராவும் எங்கள் குழம்பில்தான் வந்து இறங்குகிறது. அதற்காக அன்று காலை நகரசபையில் அவர்மேல் ஒரு மனு கொடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் தெருவே என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறது. பால்காரி ஆராயி வழியிலேயே பிடித்துக்கொண்டாள். "எங்க பூட்ட அண்ணாத்த? மகாபலிபுரத்துலேர்ந்து முதலியாருக்கு போன் வந்துச்சு, ஒம் பொண்ணப் பத்தி விசாரிக்கிறாங்க, தெருவே நின்னு கேட்டுகினு கீது, நீ மட்டும் இல்லியே!" என்றாள். உபதேசியார் மகாபலிபுரம் தபாலாபீசுக்குப் போய், ஊர் விட்டு ஊர் பேசுகிற டிரங்க் கால் போட்டிருக்கிறார்! இந்தத் தெருவில் டெலிபோன் இருப்பது முதலியாரிடம் மட்டும்தான், அதனால் நம் குடும்ப யோக்கியதையைச் சொல்லும் பொறுப்பு, என் மனுவுக்கு ஆளான அதே முதலியாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது!

முன்னெல்லாம் ரகசியம் என்றால் காதோடு காதாகச் சொல்வார்கள். இந்த டெலிபோன் வந்த பிறகு ரகசியத்தைக் கத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. மில் ஓடுகிற சத்தம் ஒரு பக்கம், கடற்கரை வரைக்கும் குரல் போகவேண்டுமே என்கிற கவலை ஒரு பக்கம், முதலியார் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். ஆகையால் அவர் சொன்ன பதிலெல்லாம் தெருவுக்குத் தெரியும். கேட்ட கேள்விதான் யாருக்கும் தெரியாது. மில்லை ஒட்டிக் கடை வைத்திருக்கும் தையல்காரன் ஞானதாஸ் மிஷினை நிறுத்திவிட்டு ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கிறான். அவன் சொன்னது இது: முதலில் "பொண்ணா? தங்கம்!" அதற்கப்புறம் "அப்பாருங்களா?" என்று கேட்டாராம். பிறகு "அவுரு கெடக்குறாருங்க!" என்றாராம். இதில் எனக்கு வருத்தமில்லை, மனுவைப் பற்றித் தெரிந்திருந்தால் இன்னும் அதிகமாகச் சொல்லியிருப்பார். அதற்கடுத்ததுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. "ஆமாங்க, காலையிலயும் உண்டு, சில நாளு சாயங்காலமும் உண்டு! ஞாயித்துக்கெழமயா? அப்பவும் உண்டு!" என்று கத்திவிட்டு, கொஞ்சம் பொறுத்து, "நிறுத்திடுவாங்க! நீங்க ஒரு வார்த்த சொன்னா கல்யாணத்தோட நிறுத்திடுவாங்க! அதுக்கு நான் பொறுப்பு!" என்றாராம்.

எதை? எதை நிறுத்திவிடுவார்கள்? "அத நீ போய் முதலியாரக் கேளு" என்கிறான் ஞானதாஸ். அவர்மேல் மனு கொடுத்த கையோடு அவர் மில்லில் போய் நிற்க எனக்கு முகம் ஏது? மேலும், நம்மைப் பற்றி விசாரித்த இடத்தில் நாமே போய் என்ன சொன்னீர்கள் என்று கேட்கிற வழக்கம் எந்த ஜனத்திலாவது உண்டா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேள்வியும் பதிலும் சேர்ந்தாற்போலத் தெரிந்த ஜீவன் இந்த ஊரில் ஒன்றே ஒன்று. அது என் வீட்டில் என் சோற்றைத் தின்கிறது.

சாயங்காலம் அவள் வந்ததும் காபி கொடுத்தேன். நானே போட்ட காபி. "வசந்தா, காலையில மகாபலிபுரம் லைனு யார் பாத்தது?" என்றேன். "நான்தான்" என்றாள். "அப்ப இன்னா கேட்டாங்கன்னு சொல்லும்மா" என்றேன். "முடியாது நைனா" என்றாள். "அது ஊரார் சமாசாரம் இல்லம்மா, ஒன் சமாசாரம்!" என்றேன். "யார் சமாசாரமா இருந்தா இன்னா, லைன்ல போனது லைனோட" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடிக்காமலே உள்ளே போய்விட்டாள். செல்லம்மாளை அனுப்பிப் பார்த்தேன், அவளும் வெறுங்கையோடு வந்தாள். "அவ வேல பூடும்னா நீ குடுப்பியா சம்பளம்?" என்று என்னையே கேட்கிறாள்.

மறுநாள் நான் ஒரு தந்திரம் செய்தேன். தபாலாபீசில் இருக்கும் பொது டெலிபோன் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாய் வைக்கிற இடத்தில் துண்டைப் போட்டு மூடி, குரலை மாற்றிக்கொண்டு ரிசீவரை எடுத்தேன். "நம்பர் ப்ளீஸ்" என்றாள் என் மகள். வீட்டில் ஒரு நாளாவது என்னிடம் இப்படி மரியாதையாகப் பேசியிருப்பாளா! "நான் சதுரங்கப்பட்டினத்து உபதேசியார் பேசுறேன், நேத்து நான் கேட்டது எனக்கே மறந்துபோச்சு, கொஞ்சம் சொல்லும்மா" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ ஒரு கம்பியைச் செருகுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நைனா, ஒன் கனைப்பு இந்த ஊருக்கே தெரியும். வூட்டுக்குப் போய் சாப்புடு. லைனுக்கு ஆளுங்க காத்துகினு கீறாங்க" என்று சொல்லிக் கம்பியைப் பிடுங்கிவிட்டாள். துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், ஜன்னல் தட்டிக்குப் பின்னால் இருந்த தபால் குமாஸ்தா சிரிக்கிறார்.

பிறகு நானே யோசித்தேன். பார்சல் ஆபீஸ் மூளை எங்கே போய்விடும்? காலையிலும் உண்டு, சாயங்காலமும் உண்டு, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, சொன்னால் நிறுத்திவிடலாம். அது என்ன? மூக்குப்பொடி! என் பொடிதான்! ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஐயர் பிரசங்கம் பண்ணும்போதுகூட நான் ஒரு சிட்டிகை போடுவதும், நாலு வரிசைக்குக் கேட்கும்படி தும்முவதும் சபைக்கே தெரியும். உபதேசியார் பக்திமான், சம்பந்தியாக வரப்போகிறவன் கோவிலில் தும்முகிறவன் என்று கேள்விப்பட்டு விசாரித்திருக்கிறார். முதலியார், எதிரியானாலும் பெருந்தன்மையாக, நான் நிறுத்துவதற்குத் தாமே பொறுப்பு ஏற்றிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான். அன்றைக்கே டப்பாவைக் கொண்டுபோய் ஞானதாஸிடம் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து தலை கிறுகிறுக்கிறது, எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, செல்லம்மாளிடம் ஒரு வார்த்தை பேசினால் இரண்டு வார்த்தை சண்டையாகிறது. இருந்தாலும் மகளுக்காக இதுகூடச் செய்யாவிட்டால் நான் என்ன தகப்பன்?

ஆகையால் தாங்கள் இந்தக் கடிதம் கண்டவுடன் சதுரங்கப்பட்டினத்துக்கு பஸ் ஏறி, உபதேசியாரைப் பார்த்து, "முதலியார் பொறுப்பேற்ற விஷயம் இப்போதே நிறுத்தியாகிவிட்டது, கல்யாணம் வரைக்கும்கூடக் காக்கவில்லை, ஆபிரகாம் வாக்குக் கொடுக்கிறான்" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லவேண்டியது. பொடி என்று வாயைத் திறந்து சொல்லவேண்டாம், அவருக்கே புரியும். தேதியையும் குறித்துக்கொண்டு வந்துவிடவும். சட்ட சந்தேகத்துக்கும் பதில் எழுதவும், இந்தக் காரியம் முடிந்தாலும் இனிமேல் வருகிற டிரங்க் கால்களுக்கு உதவும்.

அக்காளுக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். தாங்கள் போகும் வழியிலும் வரும் வழியிலும் ஆண்டவர் கூட இருந்து, பஸ்ஸில் ஜன்னலோரமாக இடமும் கிடைக்கச் செய்வாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்
ஆபிரகாம்

பின்குறிப்பு: மச்சான், பஸ் ஏற வேண்டாம். ஏறியிருந்தால் இறங்கிவிடவும். மேலே எழுதியது எதையும் யாரிடமும் சொல்லவேண்டாம். கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன், இவ்வளவும் எழுதின கை வலிக்கிறது. தவிர, நான் எவ்வளவு முட்டாள் என்பது குடும்பத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

உறையில் பசை தடவிக்கொண்டிருக்கும்போது வசந்தா வந்தாள். "மாமாவுக்குச் சம்மதம்னு எழுதிட்டேம்மா, முதலியார் ஏத்துகினபடி பொடியயும் வுட்டுட்டேன், எல்லாம் ஒனக்காகத்தான்" என்றேன். "பொடியா?" என்று என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. "தெருவுல எல்லாரையும் கேட்ட நைனா. துண்டப் போட்டு மூடிகினு என்னையே கேட்ட. யார் இன்னா பேசிகினாங்கன்னுதான் கேட்ட. எனக்கு இன்னா வேணும்னு ஒரு தபா கேட்டியா? அதச் சொல்லக்கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லியே" என்றாள். பசை தடவின உறையைக் கீழே வைத்தேன். பிறகு கேட்டேன். "எனக்கு இந்த எடம் வேணாம்" என்றாள். ஏனம்மா என்றேன். "அத மட்டும் சொல்ல முடியாது நைனா. அது லைன்ல கேட்டது" என்று முகத்தைக் கழுவிக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு சாயங்கால டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

அவள் தெருமுனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். சில நாள் காலையில் போகிறாள், சில நாள் சாயங்காலம் போகிறாள், ஞாயிற்றுக்கிழமையும் போகிறாள். முதலியார் "நிறுத்திடுவாங்க" என்று கத்தியது என் பொடியை இல்லை மச்சான். அவள் வேலையை. அன்றைக்கு மகாபலிபுரம் லைன் எட்டியிருக்காது, அது என்றைக்கு எட்டியது? "பெண் வேலையை விட்டுவிடுமா?" என்று முதலியாரிடம் அவளே தன் வாயால் கேட்டிருப்பாள். "விட்டுவிடும்" என்று உபதேசியாருக்கு அவளே தன் வாயால் பதிலும் சொல்லியிருப்பாள். நடுவில் தன் பேச்சு ஒரு வார்த்தை சேர்க்காமல். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவளுக்குத்தான் நான் காபி போட்டுக்கொடுத்து வாயைப் பிடுங்கினேன். நினைத்தால் நெஞ்சு எரிகிறது. நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லப்போவதில்லை. இந்த ஒரு மூட்டை கட்டினபடியே இருக்கட்டும்.

வக்கீல் ஐயாவைத் தொந்தரவு பண்ணவேண்டாம், சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. பொடி டப்பாவை ஞானதாஸிடமிருந்து வாங்கிவிட்டேன், பாதியைத் தீர்த்திருக்கிறான். முதலியார்மேல் கொடுத்த மனு அப்படியே இருக்கும், அவர் நல்லது நினைத்துத்தான் கத்தினார், ஆனால் தவிடு வேறு, இது வேறு. உபதேசியாருக்கு மட்டும் ஒரு கார்டு போட்டு, பெண்ணுக்கு விருப்பமில்லை என்று எழுதிவிடவும். காரணம் என்ன என்று கேட்டால், அதைச் சொல்லச் சட்டத்தில் இடமில்லை என்று எழுதவும்.