ஒரு மணி நேரக் காற்று

"இந்தப் பிள்ளைக்கு மருந்து வேண்டியதில்லை அண்ணாச்சி" என்றார் டாக்டர் சாலமோன்.

தங்கசாமிக்கு முகம் விழுந்துவிட்டது. அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பவர் அவர். கடையில் விற்காத ஒன்றால் ஒரு வியாதி தீரும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. மடியில் உட்கார்ந்திருந்த வெள்ளத்துரையோ டாக்டரின் மேஜைமணியை அமுக்கிக்கொண்டிருந்தான்.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, போகாத கோயிலுக்கெல்லாம் போய்ப் பெற்ற பிள்ளை. இப்போது நாலு வயது. வீட்டில் ஒரு வாய்ச் சோறு இறங்குவதில்லை. தாய் முத்துமாரியம்மாள் பருப்பும் நெய்யுமாகப் பிசைந்து, காக்காயைக் காட்டி, பூனையைக் காட்டி, மத்தியானம் ஒரு மணி வரைக்கும் மல்லுக்கட்டுவாள். பிறகு அலுத்துப்போய் அவனையும் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். மிச்சச் சோறு மாட்டுக்குப் போகும். வீட்டில் நன்றாகக் கொழுத்திருந்தது அந்த மாடு ஒன்றுதான்.

"எடை பதினாலு கிலோ இருக்கான். குறையொண்ணுமில்ல" என்றார் டாக்டர்.

சாப்பிடாத பிள்ளைக்கு எடை எங்கிருந்து வரும்? டாக்டரின் மிஷின்தான் பழுதாக இருக்க வேண்டும் என்று தங்கசாமி முடிவு கட்டினார். தராசு விஷயத்தில் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு டானிக்காவது எழுதித் தரும்படி கெஞ்சினார்.

"டானிக்கும் வேண்டாம். வெளிய விடுங்க. காத்து, வெயிலு, மண்ணு. சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் டானிக். மரத்தடியில விளையாடட்டும், மண்ணுல புரளட்டும். பசி தானா எடுக்கும்."

"எவ்வளவு குடுக்கணும்?"

"எதை?"

"அதான், காத்து வெயிலு. ஒரு நாளைக்கு என்ன அளவு?"

வெளியே பெஞ்சில் இருபது பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வாயில் வந்தபடி, "ஒரு மணி நேரம்" என்றார். தங்கசாமி அதைச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டார். அளவு என்று ஒன்று கிடைத்ததும் அவருக்கு அது மருந்தாகவே தெரிய ஆரம்பித்துவிட்டது.

முதலில் மண். சாம்பிள் பார்க்காமல் எந்தச் சரக்கையும் இறக்கிப் பழக்கமில்லாதவர். காரியாபட்டிப் பக்கத்துக் கரிசல் ஒரு பொட்டலம், செம்மண் ஒரு பொட்டலம், திருச்சுழியிலிருந்து குண்டாற்று மணல் ஒரு பொட்டலம் என்று மூன்றையும் வரவழைத்தார். உள்ளங்கையில் கொட்டித் தேய்த்தார், முகர்ந்தார், வத்தலைக் கடித்துப் பார்ப்பதுபோல் வாய் வரை கொண்டுபோய்ச் சுதாரித்துக்கொண்டார். குண்டாற்று மணல் ஜெயித்தது. ஒரு வண்டி மணல் வீட்டு முற்றத்தில் வந்து இறங்கியது.

மணலில் கல், முள் ஒன்றும் இருக்கக்கூடாது, சுத்தமாகச் சலித்துப் போட வேண்டும் என்று லோடுமேன் மொக்கையனுக்கு உத்தரவு. மொக்கையன் சொன்னதைச் செய்கிற ஆள். மண்டியில் இருந்ததோ ஒரே ஒரு பெரிய சல்லடை. பத்து வருஷமாக வத்தல் சலித்த சல்லடை.

வெள்ளத்துரை ஆசையாக இரண்டு கை மணலை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டான். அடுத்த நிமிஷம் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. தூக்கப் போன முத்துமாரியம்மாளுக்குக் கண் எரிச்சல், அவளைத் துடைக்கப் போன பக்கத்து வீட்டுக்காரிக்கு அடுக்குத் தும்மல். மூன்று அண்டா தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வீடு அடங்கியது. ஒரு வண்டி மணலையும் திரும்ப அள்ளிக்கொண்டுபோய்த் தெருமுனையில் கொட்டினார்கள். அங்கே படுத்திருந்த நாய்கள் அன்றோடு ஜாகையை மாற்றிக்கொண்டன.

"இயற்கைய வீட்டுக்குள்ள கொண்டுவந்தது என் தப்பு. நாமதான் அதுகிட்டப் போகணும்" என்றார் தங்கசாமி, தும்மித் தும்மி வீங்கிய மூக்கோடு.

வீட்டுக்குப் பின்னால் வத்தல் காயப்போடுகிற களம். களத்தைத் தாண்டினால் கண்மாய். ஆனால் முதலாளி வீட்டுப் பிள்ளை, வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிற பெண்கள் போய்வரும் பின்வாசல் வழியாகவா போவது? குதிரை வண்டி பிடித்து, கடைத்தெருவையெல்லாம் சுற்றிக்கொண்டு, அதே கண்மாயின் எதிர்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

கண்மாயில் வருஷத்துக்கு இரண்டு மாதம் தண்ணீர் இருந்தால் பெரிய காரியம். மற்ற நாளில் கருவேல மரமும் ஆடும்தான். முள் குத்திவிடுமே என்று மொக்கையனும் நாலு ஆட்களும் முன்னதாகவே போய்க் கரையை ஐம்பது அடிக்குப் பெருக்கிவைத்தார்கள். பெருக்கிய இடத்தில் ஜமுக்காளம் விரித்தார்கள். பூட்ஸும் காலுறையும் குல்லாயுமாக வெள்ளத்துரையை நடுவில் உட்காரவைத்து, மேலே குடை பிடித்தார்கள். பக்கத்தில் அலாரக் கடிகாரம். வெயில் குடைக்கு மேலே இருந்தது, மண் ஜமுக்காளத்துக்குக் கீழே இருந்தது, காற்று மட்டும் நடுவில் கொஞ்சம் வந்துபோனது.

பிள்ளை மெல்ல ஒரு காலை ஜமுக்காளத்து ஓரத்துக்கு நீட்டும். "முள்ளுய்யா, முள்ளு" என்று அப்பா இழுத்துக்கொள்வார். ஆட்டுக்குட்டி ஒன்று எட்டிப் பார்க்கும். மொக்கையன் துரத்துவான். மணி அடித்ததும் மூட்டை ஏற்றுவதுபோல் பிள்ளையைத் தூக்கி வண்டியில் வைத்து வீடு திரும்பிவிடுவார்கள்.

வத்தல் மண்டி முதலாளி தினமும் சாயங்காலம் கண்மாய்க் கரையைப் பெருக்கி, கடிகாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நூல் மில் வரப்போகிறது என்று நினைத்தார்கள். நாலாம் நாள் குமாரலிங்கபுரத்திலிருந்து சோலைச்சாமி என்றொருவர் நிலப் பட்டாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"மகனுக்குக் காத்து வாங்க வந்தேன்யா. மில்லுமில்ல ஒண்ணுமில்ல" என்றார் தங்கசாமி.

சோலைச்சாமி தலையாட்டிவிட்டுப் போய், இவ்வளவு பெரிய மனுஷன் இவ்வளவு சின்னப் பொய் சொல்கிறார் என்றால் மில் ரொம்பப் பெரிசாகத்தான் இருக்கும் என்று ஊரில் சொன்னார். மறுநாள் முப்பது பேர் வந்தார்கள். நிலம் விற்க வந்தவர்கள் பாதி, மில்லில் வேலை கேட்டு வந்தவர்கள் பாதி. எல்லாரும் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, "சின்ன முதலாளி" என்றார்கள். கூட்டத்தில், வந்துகொண்டிருந்த கொஞ்சக் காற்றும் நின்றுபோனது. தங்கசாமி சுற்றிலும் கம்பு நட்டுக் கயிறு கட்டச் சொன்னார். கயிற்றுக்கு உள்ளே பிள்ளை, வெளியே ஊர் என்றானது.

இதற்கெல்லாம் முன்பே அவருக்கு இன்னொரு சந்தேகமும் வந்திருந்தது. டாக்டர் சொன்னது ஒரு மணி நேரம். ஒரு கரண்டி குடிக்க வேண்டிய மருந்தை மூன்று கரண்டி குடித்தால் வயிறு என்னத்துக்கு ஆகும்? ஆனால் வீட்டுப் பின்வாசல் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. களத்து வெயிலும் கண்மாய்க் காற்றும் கணக்கு வழக்கில்லாமல் உள்ளே வருகின்றன. கண்மாய்க்குப் போன முதல் நாளே அந்தக் கதவைச் சாத்திப் பெரிய பூட்டாகப் போட்டார். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

பசி எடுக்கவில்லை. அதுமட்டுமில்லை, பிள்ளையின் முகமே வாடிவிட்டது. மத்தியானமெல்லாம் பின்வாசல் கதவடியில் உட்கார்ந்துகொண்டு பலகையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். பூச்சியாக இருக்கும் என்று சொல்லி, டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தனுப்பினார். மருந்தில் பூச்சியும் விழவில்லை, சுரண்டலும் நிற்கவில்லை. முத்துமாரியம்மாள் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்.

"ராத்திரி தூக்கத்துல பிள்ள என்னமோ பேர் சொல்லி அழுதுச்சுங்க. எனக்குப் பயமா இருக்கு" என்றாள் கணவனிடம்.

ஆறு வாரம் கழித்து ஒரு நாள், ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தங்கசாமி மகனைத் தூக்கிவந்து மண்டித் தராசில் உட்காரவைத்தார். இந்தத் தராசு பொய் சொல்லாது. பன்னிரண்டே முக்கால் காட்டியது. மூட்டையைப் பார்த்தே எடை சொல்கிறவருக்குத் தன் பிள்ளை கரைந்துகொண்டிருப்பது தெரியாமல் போயிருந்தது. எட்டு வருஷம் காத்திருந்தது இதற்குத்தானா என்று மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதார். உள்ளே வந்த மொக்கையனிடம் வத்தல் நெடி என்றார். மொக்கையனும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் முதலாளி, நெடிதான் என்றான்.

அழுது முடித்ததும் அவருக்குள் இருந்த வியாபாரி எழுந்து நின்றார். மருந்து கேட்கவில்லை என்றால் என்ன செய்வார்கள்? அளவைக் கூட்டுவார்கள். நாளையிலிருந்து இரண்டு மணி நேரம், கயிறும் இரண்டு மடங்கு, ஜமுக்காளமும் இரண்டு என்று மொக்கையனிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் வாசலில் அழகுத்தாய் வந்து நின்றாள்.

களத்தில் காம்பு கிள்ளுகிறவள். எட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள், முதலாளி முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு படியேறி வந்திருந்தாள். புருஷனுக்கு மில் வேலை கேட்க வந்திருக்கிறாள் என்று தங்கசாமி நினைத்தார்.

"மில்லு ஒண்ணும் வரல தாயி. போ."

"மில்லுக்கு வரல மொதலாளி. தம்பியப் பத்தி ஒரு வார்த்தை. கோவிச்சு என்னைய வேலைய விட்டு நிறுத்திறக் கூடாது."

தங்கசாமி தராசில் இருந்த மகனை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆனால் வெள்ளத்துரை அவர் கையிலிருந்து நழுவி, அவளிடம் ஓடி, சேலையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு வருசமா, அம்மா மத்தியானம் கண்ணசரவும் பின்வாசல் வழியா வந்துருவான் மொதலாளி. எம் பிள்ளைகளோட கம்மாய்க்குள்ள ஓணான் வெரட்டி, புழுதியில கெடந்து, எங்க கம்மங்கஞ்சியில ஒரு சட்டி குடிச்சிட்டு, அவுக முழிக்கதுக்குள்ள போயிப் படுத்துக்கிருவான். சொன்னா வைவீகளேன்னு நாங்களும் சொல்லல."

அவள் குனிந்து பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள்.

"நீங்க வெளிய கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சதுல இருந்துதான் மொதலாளி, பிள்ள வெளியவே வரல."