பெட்டியோடு குதித்த கோழி

சனிக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடம்வரை நான் ஒரு நல்ல அப்பா. நான்கு பதினொன்றுக்கு எல்லாம் கெட்டது.

என் மகள் யாழினி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பழைய கம்ப்யூட்டர் கேம் ஒன்றின் ஒரு லெவலை எடுத்து, எங்கள் நாமக்கல்லாக மாற்றிக்கொண்டிருந்தாள். பண்ணைக் கூண்டிலிருந்து தப்பித்த கோழிதான் கதாநாயகி. லாரிகளின் மேல் தாவித் தாவி ஊரைத் தாண்ட வேண்டும். கோழி, லாரி, மரம் எல்லாம் ஒரே படத்தில் சின்னச் சின்னச் சதுரங்களாக இருக்கும். கேம் அவற்றை எடுத்து அந்தந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். (அவள் முதுகுக்குப் பின்னால் நின்றே இவ்வளவும் கற்றேன். “மூச்சு மேல படுதுங்கப்பா” என்று விரட்டுவாள்.)

அன்று ஆறு மணிக்குள் கேமை, பழைய கேம்களை இப்படி மாற்றும் அவளுடைய இணையக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால், எல்லோரும் ஆடும் தொகுப்பில் சேர்ப்பார்கள். மாதக்கணக்கான உழைப்பு! ஆனால் அன்று பார்த்து ராசிபுரத்தில் உறவில் ஒரு வளைகாப்பு. மகளைப் பஸ்ஸில் அனுப்ப மனம் வராமல், கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் மச்சானின் காரில் ஏற்றினேன். (கூடவே அவள் அம்மாவும் போனாள். இருந்தும் பயம்.)

கிளம்பும்போது, என் கெஞ்சல் தாங்காமல் ஒரு வேலை கொடுத்தாள்.

“கோழிக் கொண்டைய மட்டும் செவப்பாக்கிருங்க. வேற எதையும் தொட்றாதீங்க, சாமி!”

கொண்டையைச் சிவப்பாக்கினேன். ஆகா, என்ன கோழி! அப்போதுதான் கண்ணில் பட்டது: ஒவ்வொரு சதுரத்திலும் படத்தைச் சுற்றிக் கண்ணைக் குத்தும் ரோஸ் நிறம். பாவம், குழந்தைக்கு நேரமில்லை போல. பெயிண்ட் வாளியை எடுத்து, எல்லா ரோஸிலும் பச்சையை ஊற்றினேன். சேமித்தேன். மூடினேன். பெருமையோடு கேமைத் திறந்தேன்.

கோழி ஒரு பச்சைப் பெட்டிக்குள் நின்றது. ஓடினால் பெட்டியும் ஓடியது. குதித்தால் பெட்டியும் குதித்தது. லாரிக்கு ஒரு பெட்டி, மரத்துக்கு ஒரு பெட்டி. அந்த ரோஸ் இருக்கும் இடத்தைத்தான் கேம் வரையாமல் விட்டுவிடுமாம்!

பழையபடி ஆக்க வழி தெரியவில்லை. யாழினிக்குப் போன் போட்டேன். மைக்செட் சத்தம்தான் கேட்டது. பச்சையை மறுபடி ரோஸ் ஆக்கினேன். அதே பச்சையில் இருந்த மரத்தின் இலைகளும் சேர்ந்து மறைந்தன. அவசரமாகத் திரும்பப் பச்சை ஊற்றினேன். மின்விசிறிக்குக் கீழே சட்டை நனைந்தது.

ஐந்தே முக்காலுக்குக் கார் வந்தது. யாழினி ஓடிவந்து திரையைப் பார்த்தாள். தலையில் கை வைத்தாள்.

“இது தப்பிச்சு வந்த கோழிங்கப்பா! மறுபடியும் கூண்டுல போட்டு வெச்சிருக்கீங்க!”

கண் கலங்கியபடியே கைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். பழைய நகல். (“உங்களத் தெரியாதுங்களா?”) ஆறு அடிப்பதற்குள் கேம் போய்ச் சேர்ந்தது. தொகுப்பிலும் சேர்ந்துவிட்டது, கொண்டை சிவக்காமலே.

அன்று அவள் பென்டிரைவைச் செருகிக்கொண்டிருந்தபோதுதான், காரை நிறுத்திவிட்டுக் கடைசியாக உள்ளே வந்தார் மச்சான். திரையில் பெட்டியோடு நின்ற கோழியைப் பார்த்து அவர் சொன்னதைத்தான் இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்திக்குப் பந்தி பரிமாறுகிறார்கள்:

“ஏஞ்சாமி அழுவுற? பெத்த புள்ளையவே ராசிபுரம் பஸ்ஸுல ஏத்த மாட்டாரு உங்கப்பாரு. கோழிய மட்டும் தனியா உட்டுருவாராக்கும்?”