பதினைந்தாவது ஆள்

அன்பும் மரியாதையும் மிக்க என் கணவர் தர்மராஜ் அவர்களுக்கு, மனைவி உமாமகேஸ்வரி எழுதும் மடல்.

இங்கு நானும் பாப்பா செவ்வந்தியும் ஆளுக்கொரு சளியைத் தவிர மற்றபடி நலம். தங்கள் நலத்தைத் தினமும் வீடியோவில் பாதி நெற்றியாகவும் பாதி மின்விசிறியாகவும் கண்டு மகிழ்ந்து வருகிறேன். ஊரில் மழை இல்லை. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். நம் இராமநாதபுரத்தில் மழை பெய்தால்தான் என்னமோ ஏதோ என்று கவலைப்பட வேண்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு சேதியைத் தொடங்கினால் பாப்பா "அய்யா! அய்யா!" என்று பிடுங்கிப் போன் கண்ணாடிக்கு முத்தம் கொடுக்கிறாள். முத்தம் விழுகிற இடத்தில்தான் கட் பண்ணுகிற பொத்தான் இருக்கிறது. தப்பித்தவறி அவள் தூங்கிவிட்டாலோ, உங்கள் அறையில் இருக்கிற ஆறு பேரும் சேர்ந்து கேட்கிறார்கள். போன மாசம் நான் கொஞ்சம் மூக்கை உறிஞ்சியதும், பின்னாலிருந்து யாரோ "மதினி, அழுவாதீக" என்றார். யார் அவர்? அன்றிலிருந்து போனில் நான் காய்கறி நிலவரம் மட்டுமே பேசி வருகிறேன். ஆகையால் வியாழக்கிழமை விமானம் ஏறுகிற உங்கள் கூட்டாளி தனுஷ்கோடி அண்ணன் வசம், குண்டு மிளகாய் வத்தலோடும் நெத்திலிக் கருவாட்டோடும் இதையும் சேர்த்துக் கட்டி அனுப்புகிறேன். கடிதத்தில் வாடை அடித்தால் அது என் எழுத்தின் குற்றமல்ல.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கம்பெனியில் இன்னும் இரண்டு வருசத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்கிறார்கள், மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போடவா வேண்டாமா, நீ சொல்றபடி செய்றேன் என்று நீங்கள் கேட்டுப் பதினெட்டு நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். பதில்: போடுங்கள். தாராளமாகப் போடுங்கள். நாங்கள் சமாளிப்போம். வாய்ப் பேச்சாகச் சொல்லவில்லை. நீங்கள் இல்லாமலே மலை, காடு, ஏரி மூன்றையும் மூன்று நாளில் பார்த்துத் திரும்பிய தெம்பில் சொல்கிறேன். டூர் எப்படி என்று போனில் கேட்டீர்கள், சூப்பர் என்றேன். அந்த சூப்பரின் விவரம் பின்வருமாறு.

நம் கல்யாண நாளுக்கு லீவில் வருவேன் என்று மூன்று பேருக்குச் சீட்டுப் போட்டீர்களே, லீவு ரத்தானதும் நானும் ரத்து செய்யத்தான் போன் போட்டேன். கைடு ஹாஜா முகைதீன் பாய், "பணம் திரும்ப வராதும்மா, நீங்களாச்சும் வாங்க, இன்ஷா அல்லாஹ் நல்லபடியா கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வாரேன்" என்றார். சரி என்று கிளம்பினேன். காய்ச்சல் மருந்து, வாந்தி மருந்து, பூச்சிக்கடி மருந்து, உப்பு சர்க்கரைப் பொடி, பாப்பாவுக்கு ஸ்வெட்டர் மூன்று, தொலைந்துபோனால் ஊதுவதற்கு ஒரு விசில், அப்புறம் நம் வீட்டுக் குடிதண்ணீர் ஒரு கேன். மலைக்குத் தண்ணீர் கொண்டு போகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று நீங்கள் சிரிக்க வேண்டாம். வண்டியில் ஏறிப் பார்த்தால் ஒன்பது கேன் இருந்தது.

உங்கள் சீட் ஏழாம் நம்பர், ஜன்னலோரம். எனக்குப் பின்னால் தொண்டி லத்தீபா அக்காவும் அவர் வீட்டுக்காரரும். அக்காவிடம் ஒரு பெரிய கூடை. உள்ளே என்ன என்று கேட்காதீர்கள், மூன்று நாளும் அதிலிருந்து ஏதாவது வந்துகொண்டே இருந்தது. ஏறினதும், "ஏம்மா, இந்தச் சீட்டுக்கு ஆள் வருதா? இல்லேன்னா கூடையை வச்சுக்கிறேன்" என்றார். வரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்து "ஏன் வரலை?" வரும், அதற்கடுத்து "பாவம்" வரும். அந்தப் பாவத்தை நான் இரண்டரை வருசமாக நிறைய வாங்கி வைத்திருக்கிறேன், வீட்டில் இடம் இல்லை. அதனால், "வாராரு" என்று சொல்லிவிட்டேன். "எங்கன ஏறுவாரு?" என்றார். "பின்னாடி வாராரு. நேரா காட்டுக்கு வந்துருவாரு" என்றேன். அந்த நிமிசம் எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது, மச்சான். ஹாஜா பாயும் கேட்டுக்கொண்டு, "ஏழாம் நம்பர் காட்டுல ஜாயின்" என்று தாளில் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புதான் பின்னால் இத்தனைக்கும் காரணம். ஒரு கூடைக்கு இடம் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும்.

முதல் நாள் மலை. கொடைக்கானலில் ஒரு முனைக்குக் கூட்டிப்போய் வரிசையாக நிற்கவைத்தார்கள். எதிரே வெள்ளைவெளேர் என்று மூட்டம், சலவைக்காரர் உதறிப்பிடித்த வேட்டி மாதிரி. ஹாஜா பாய் அந்த மூட்டத்தைக் கையால் காட்டி, "இந்தா இங்கன ஒரு பள்ளத்தாக்கு, அங்கன பெரிய பாறை, அதுக்குக் கீழ வைகை டேம், நல்லா பாத்துக்கங்க" என்றார். எல்லாரும் நல்லா பார்த்தார்கள். போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் நின்றால் எட்டு மைல் தூரத்தில் வருகிற பஸ்ஸும் தெரியும். இங்கே பக்கத்தில் நிற்கிற பாப்பா தெரியவில்லை. பயந்துபோய் விசிலை ஊதினேன். நான்கு வண்டி ஆட்கள் தங்கள் வண்டி கிளம்புகிறது என்று நினைத்து ஓடினார்கள். பாப்பா என் காலடியில்தான் இருந்தாள். மூன்று ஸ்வெட்டர் போட்டதால் கையை மடக்க முடியாமல், விரித்த கையோடு அப்படியே நின்றிருந்தாள். போட்டோக்காரர், "சாரையும் வரச் சொல்லுங்க, பேமிலியா எடுத்துருவோம்" என்றார். "அவரு மூட்டத்துக்குள்ள நிக்கிறாரு, அப்படியே எடுங்க" என்றேன். எடுத்தார். படத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். இடது பக்கம் வெள்ளையாகத் தெரிவது நீங்கள்.

அன்று சாயங்காலம் விடுதியில் நடந்ததை உங்கள் அறை நண்பர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அறைக்குள் போனதும் குழாயைத் திருகினேன். காற்றுதான் வந்தது. சரி, தண்ணீர் வருகிற நேரம் இல்லை போல என்று நம் வீட்டில் செய்கிற மாதிரியே குழாயைத் திறந்து விட்டு, கீழே வாளியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வாளியில் சத்தம் கேட்டால் ஓடி வந்து பிடிக்க வேண்டியதுதானே, பிறந்ததிலிருந்து அப்படித்தானே? ஆனால் சாப்பாட்டுக்கூடம் இரண்டு மாடி கீழே என்பதை யோசிக்கவில்லை. நாங்கள் தோசைக்குக் காத்திருந்தபோது மாடிப்படியில் தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. "அம்மா, அருவி" என்றாள் பாப்பா. மேனேஜர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார், நான் பின்னால் ஓடினேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அடுத்த அறையும் திறந்தது; அங்கேயும் குழாய்க்குக் கீழே ஒரு வாளி. அது லத்தீபா அக்கா அறை. எதிர் அறையில் வாளியோடு குப்பைத்தொட்டியையும் கழுவி வைத்திருந்தார்கள். மேனேஜர் கணுக்கால் தண்ணீரில் நின்று எங்களை வரிசையாகப் பார்த்து, "நீங்க எல்லாரும் ஒரே வண்டியா?" என்றார். "குழாயை மூடணும்னு தெரியாதா?" என்று அவர் கத்த, லத்தீபா அக்கா அசரவில்லை. "மூடி வச்சா தண்ணி வாரது எப்படிய்யா தெரியும்?" என்றார். மேனேஜர் ஒரு கட்டுத் துடைப்பத்தைக் கொண்டுவந்து போட்டார். எல்லாரும் துடைப்பமும் துண்டுமாகத் துடைத்தார்கள். ஒவ்வொரு அறையிலும் இரண்டு பேர் சேர்ந்து திட்டிக்கொண்டே துடைத்தார்கள். நான் தனியாகத் துடைத்தேன். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் துடைப்பது இவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டாம் நாள் காடு. கம்பம் ஊருக்கு மேலே, கேரள எல்லையோரம். கைடு கொடுத்த பட்டியலைப் பார்த்து வாசலில் பெரிய பதிவேட்டில் பதினைந்து பெயரையும் எழுதிக்கொண்டார்கள். நீங்கள் "காட்டுல ஜாயின்" அல்லவா, அதனால் உங்கள் பெயருக்கும் நேராக 'உள்ளே சென்ற நேரம் 9.40' ஏறிவிட்டது. எனக்கு அது தெரியாது. நான் பாப்பாவின் காலில் அட்டைப்பூச்சிக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தேன். வனவிலங்கு என்று பார்த்தது மூன்று மான், ஒரு மயில். மயிலைக் கண்டதும் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கல்லைத் தேடினார்கள். மயில் மேய்ந்து அழிக்கிற மிளகாய்த் தோட்டத்து ஞாபகம்தான், வேறென்ன. அதோடு யானை போட்ட சாணி. அதைச் சுற்றி நின்று பத்து நிமிசம் பார்த்தோம்.

வெளியே வருகிற வாசலில் குருநாதன் என்று ஒரு வாட்சர், பென்சிலால் எங்கள் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினாலு. மறுபடியும் எண்ணினார். பதினாலு. "ஒரு ஆள் குறையுதே. யாரு தர்மராஜு?" என்றார். ஹாஜா பாய் மறுநாள் ஏரிக்குப் படகுச் சீட்டு எடுக்க முன்னாலேயே போய்விட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் லத்தீபா அக்கா முந்திக்கொண்டு, "இவ வீட்டுக்காரருதாங்க. காட்டுல வந்து சேந்துக்கிறேன்னு சொன்னாராம். எங்கன சேந்தாரோ, எங்கன பிரிஞ்சு போனாரோ!" என்று நெஞ்சில் கை வைத்தார். அவ்வளவுதான். குருநாதன் வாசலை இழுத்துப் பூட்டினார். மைக்கை எடுத்தார்.

"இராமநாதபுரத்திலிருந்து வந்திருக்கும் திரு. தர்மராஜ் அவர்கள் எங்கிருந்தாலும் உடனே வாசலுக்கு வரவும். உங்கள் மனைவியும் குழந்தையும் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்."

மரத்திலிருந்து பறவையெல்லாம் எழும்பிப் பறந்தது. உடனே சொல்லியிருக்கணும், மச்சான். படிச்சவ நான், பி.எஸ்சி. முடிச்சவ, அவரு வரவே இல்லைங்கன்னு நாலு வார்த்தை சொல்லத் தெரியாதா? சொல்லலை. அவர் இரண்டாவது தடவை சொன்னார், மூன்றாவது தடவை சொன்னார். நான்கு வாட்சர்கள் கம்போடு உள்ளே போய் நான்கு திசையிலும் "தர்மராஜூ... தர்மராஜூ..." என்று கூப்பிட்டார்கள். இத்தனை நாள் நான் ஒருத்தி மட்டும் மனசுக்குள் கூப்பிட்டதை ஒரு காடே சேர்ந்து கூப்பிட்டது. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று கேட்டுக்கொண்டே நின்றேன். குருநாதன், "என்னா கலர் சட்டைம்மா?" என்றார். "நீலம், கட்டம் போட்டது" என்றேன். ஏர்போர்ட்டில் நீங்கள் உள்ளே போகும்போது போட்டிருந்தது. "எம்புட்டு உயரம்?" என்றார். அதற்குத்தான் முழித்துவிட்டேன். என் தலை உங்கள் தோளுக்கு வருமா, காதுக்கு வருமா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பாப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அய்யா போன்லருந்து எறங்கிட்டாராம்மா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் காட்டைப் பார்த்து, "அய்யாவ்!" என்று கத்தினாள்.

ஹாஜா பாய் ஓடி வந்த பிறகுதான் குட்டு உடைந்தது. "யா அல்லாஹ், அவரு எங்கம்மா வந்தாரு? நீங்க வாராருன்னு சொன்னதாலதானே பேரைக் கொடுத்தேன்!" என்று தலையில் கை வைத்துவிட்டார். குருநாதன் வைத வசவுகளை இங்கே எழுதவில்லை, நியாயமானவைதான். பதிவேட்டில் என் கையால் விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார். வண்டியில் யாரும் என்னோடு பேசவில்லை. லத்தீபா அக்கா மட்டும் வந்து, உங்கள் சீட்டில் கூடையை வைக்காமல் தானே உட்கார்ந்தார். "வரலைன்னு சொல்லியிருந்தா உன்னைக் கடிச்சா திம்பேன்? எங்க வீட்டு ஆளு சவூதியில பதினோரு வருசம்" என்றார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவர் வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பதான் வந்துட்டாரே அக்கா" என்றேன். "வந்துட்டாரு, ஆறு மாசமாச்சு. இன்னும் ரெண்டு பேருக்கும் பேசிப் பழகலை. அதுக்குத்தேன் இந்த டூரு" என்றார். சொல்லிவிட்டுக் கூடையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து என் கையில் வைத்தார். பாவம் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஏரி. படகில் சீட்டுக்கு ஒன்றாக எங்களுக்கு மூன்று மிதவைச் சட்டை கொடுத்தார்கள். ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் பாப்பா விடவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துப் பட்டையை மாட்டிவிட்டாள். தண்ணீர் கண்ணுக்கு எட்டின வரை இருந்தது. நம் ஆட்கள் ஒருத்தரும் அழகைப் பற்றிப் பேசவில்லை. "இதுல ஒரு கால்வாசி நம்ம கம்மாய்க்கு வந்தாப் போதும்" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே கரை சேர்ந்தோம்.

ஆக, நீங்கள் இல்லாமலே எல்லாம் நல்லபடியாக நடந்து முடிந்தது. நாங்கள் சமாளித்துக்கொள்வோம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? ஒப்பந்தத்தில் தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அறையில் உள்ள ஆறு பேருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அழுவாதீக என்றவருக்குக் கூடுதலாக ஒரு வணக்கம். குலசாமி உங்களைக் காக்கட்டும். மிச்சம் நேரம் இருந்தால் எங்களையும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வரவை அவசரப்படுத்தாத மனைவி,
உமாமகேஸ்வரி

பின்குறிப்பு: பதிவேட்டில் என்ன எழுதினேன் என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். 'இவர் வரவில்லை'ன்னு எழுதுங்கன்னுதான் குருநாதன் சொன்னாரு. நான் எழுதினது 'இன்னும் வரவில்லை'. அவரு படிச்சுப் பாத்தாரு. உங்க பேருக்கு நேரா 'வெளியே வந்த நேரம்'ங்கிற கட்டத்தைக் காலியாவே விட்டுட்டாரு, ஆள் வராம நேரம் போட முடியாதாம். கணக்குப்படி நீங்க இன்னும் அந்தக் காட்டுக்குள்ளதான் இருக்கீங்க மச்சான். அந்தக் கையெழுத்தைப் போடாதீங்க. வந்து அந்தக் கட்டத்தை நிரப்பிட்டுப் போங்கன்னு எழுத வந்தேன். 'போங்க' வேணாம். 'வாங்க' மட்டும்.