மூன்று ரோலரில் ஏறிய மேடு

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் சித்தியும் நலம். வண்டியும் நலம். மூவரில் வண்டியின் நலத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டியிருக்கிறது. ஃபோனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால்தான் தபால்.

பயிற்சிக்குப் புறப்பட்ட அன்று நீ சாவியைக் கொடுத்து, "சித்தப்பா, தயவுசெஞ்சு வண்டியைக் கழட்டிடாதீங்க" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் இன்டர்வியூவுக்குப் போகும்போது அந்த ஸ்கூட்டர் ஆஸ்பத்திரி மேட்டின் இரண்டாவது வளைவில் மூச்சு வாங்கி நின்றதும், நீ அதைத் தள்ளிக்கொண்டே மேலே போனதும் அதைவிட நன்றாக நினைவிருக்கிறது. வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நீ மேலே ஆஸ்பத்திரி லேபில் இருக்க வேண்டும், முதல் மூன்று மாதத்தில் மூன்று நாள் தாமதமானால் வேலை போய்விடும் என்று உன் ஆர்டரிலேயே போட்டிருக்கிறது. இதைப் படித்த பிறகும் என்னைப் போன்றவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா?

மெக்கானிக்கிடம் போனேன். அவர் என் சிஷ்யன் மாதிரிதான், அது அவருக்குத் தெரியாது. "இது கியர் இல்லாத வண்டி சார். உள்ள பெல்ட்டைத் தள்ளுற ரோலர் ஆறு இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு கிராம் குறைச்சலாப் போட்டா இன்ஜின் நல்லாச் சுத்தி மேடு ஏறும், சமதரையில வேகம் கொஞ்சம் குறையும். வண்டியைக் கொண்டாங்க, ஒரு மணி நேர வேலை" என்றார். ஒரு கிராம் குறைத்தாலே ஏறும் என்றால் பாதியைக் குறைத்தால் எப்படி ஏறும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் எட்டாம் வகுப்போடு நின்றது பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம்.

ஹாலில் செய்தித்தாளை விரித்து, வண்டியை உள்ளே ஏற்றி, இடது பக்க மூடியைக் கழற்றினேன். ஆறு ரோலரில் ஒன்று விட்டு ஒன்றாக மூன்றை எடுத்துச் சித்தியின் ஊசி நூல் டப்பாவில் போட்டேன். திரும்ப மூடியபோது இரண்டு திருகாணி மிஞ்சின. கம்பெனிக்காரர்கள் எப்போதும் கூடுதலாகத்தான் போடுவார்கள்.

நேற்றுக் காலை சித்தியைப் பின்னால் உட்கார வைத்துப் புறப்பட்டேன். சமதரையில் வேகம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். தள்ளுவண்டிக்காரர் ஒருவர் பின்னாலிருந்து மணியடித்தார், பெரிய மனது பண்ணி வழிவிட்டேன். ஆனால் மேடு வந்ததே, அடடா! இன்ஜின் போட்ட சத்தத்தில் இரண்டு பக்கமும் ஜன்னல்கள் திறந்தன. ஐந்நூறு பேராவது பார்த்திருப்பார்கள், சித்தி நாலு பேர் என்கிறாள். எதிரே வந்த பேருந்து ஓரங்கட்டி நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "பெரியவரே, உள்ள ஏதோ உடையுது!" என்று பாராட்டினார்.

"என்னங்க, வண்டி கத்துதே தவிர நகரலையே!" என்றாள் சித்தி.

"ஏறும்போது பேச்சுக் குடுக்காத."

"நான் இறங்கி நடக்கட்டுமா?"

"எங்க, நடந்துதான் பாரேன்."

நடந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்று பாதி ஆரஞ்சைத் தின்று முடித்திருந்தாள். அவள் நடை அப்படி, அதை வண்டியின் குறையாகச் சொல்லக் கூடாது. ஸ்கூட்டர் ஓர் இடத்திலும் நிற்காமல் உச்சிக்கு ஏறியதா, அதுதான் கணக்கு. இரண்டாவது வளைவைத் தாண்டியபோது, அன்று நீ வேர்த்து விறுவிறுத்துத் தள்ளியதுதான் கண் முன்னால் வந்தது. இந்த ஒரு வரியை மட்டும் கொஞ்சமும் கூட்டாமல் எழுதியிருக்கிறேன்.

ஆகவே மேட்டுக் கவலையை விட்டுவிட்டு நிம்மதியாகப் பயிற்சியை முடித்து வா. நீ எடுக்கும் ரத்தமெல்லாம் ஒரே குத்தில் வரவும், உன் பெயருக்கு நேரே தாமதம் என்ற சொல் விழாமல் இருக்கவும் மனமார வாழ்த்தும்,

உன் சித்தப்பா.

பின்குறிப்பு: உச்சியில் வண்டியை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பியபோது பெல்ட் அறுந்துவிட்டது. மெக்கானிக் வந்து, உள்ளே கிடந்ததை ஒரு பையில் அள்ளிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சித்தியிடம் மட்டும் பேசினார். புதுப் பாகம் வர மூன்று வாரமாம். அதுவரை வண்டி ஆஸ்பத்திரி வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் நிற்கும். சித்தி அன்றே லேபுக்கு எதிர்வீட்டு மாடியில் உனக்கு ஓர் அறை பேசி முடித்துவிட்டாள், நடந்தால் இரண்டு நிமிடம். நீயும் மேலே, வண்டியும் மேலே. இனி அந்த மேட்டை ஏற வேண்டியவன் நான் ஒருவன்தான், உன்னைப் பார்க்க வருவதற்கு.